மேசையைத் திருப்பியவன் யார்?

போன் அலறியது.

காலை ஏழரை மணி. தச்சன் ஆகென் இழைப்புளியைக் கீழே வைத்தான். கையில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கால்சட்டையில் தேய்த்தபடி ரிசீவரை எடுத்தான்.

"அடேய் ஆகென்!"

ருவான். சீனாவின் ஷாவ்ஷிங் ஊரிலேயே பெரிய பழைய சாமான் வியாபாரி. கடை பெரிசு, குரலும் பெரிசு. இன்றைக்குக் குரல் இன்னும் பெரிசு.

"சொல்லுங்க முதலாளி."

"நாலு நாற்காலியையும் கவுத்துப் போட்டுப் பாத்துட்டேன்டா! டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன்! உடனே கிளம்பி வா!"

"என்ன விஷயம்னு சொன்னா..."

"வாடான்னா வா! ஒன்பது மணிக்கு ஹாங்காங் பார்ட்டி வர்றான். அதுக்குள்ள நீ இங்க... இரு. யாரோ கதவைத் தட்டறாங்க. யாரது? தாழ் போடல... உள்ள வாங்க!"

டொக்.

ஆகென் ரிசீவரை வைத்தான். அவன் வயது ஐம்பது. அதில் முப்பத்தைந்து வருஷம் நாற்காலிகளோடு போய்விட்டது.

கால்வாய்ப் படித்துறைக்கு ஓடினான்.

கறுப்புக் கூண்டுப் படகு. படகோட்டி மல்லாந்து சாய்ந்து, காலால் துடுப்பை உதைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் வேகமா உதைய்யா!"

"எனக்கு ரெண்டு கால்தான்ணே இருக்கு!"

அரை மணி நேரம் ஆயிற்று. ருவான் வீட்டு வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

"முதலாளி...?"



கூடத்தில் நுழைந்தான். நுழைந்தவன் அப்படியே நின்றான்!

மூன்று வளைமுதுகு நாற்காலிகள் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவே ருவான் குப்புற விழுந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. செங்கல் தரையில் ரத்தம் இடுக்கு இடுக்காகப் புகுந்து ஓடியிருந்தது.

பக்கத்தில் ஒரு கொட்டாப்புளி, தச்சர்களின் மரச் சுத்தியல்.

அதன் கைப்பிடியில் சுட்டுப் பொறித்த பெயர்... ஆகென்!

எந்த மடையனும் செய்யக் கூடாத காரியத்தை அவன் செய்தான். குனிந்து அதைக் கையில் எடுத்தான்.

"ஐயோஓஓ!"

வாசலில் ருவானின் மனைவி பாய்லிங். சந்தையிலிருந்து வந்திருந்தாள். கையிலிருந்த பை நழுவியது. பத்துப் பன்னிரண்டு நண்டுகள் விழுந்து, கூடம் முழுக்க நாலா பக்கமும் ஓடின.

"கொன்னுட்டான்! என் புருஷனைக் கொன்னுட்டான்!"

"அண்ணி, நான் இப்பத்தான் வந்தேன்..."

"கையில என்னய்யா அது? கரண்டியா?"

எட்டே காலுக்கெல்லாம் போலீஸ் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் குவாங். நாற்பத்தைந்து வயதுப் பெண். குள்ளம். வூஹான்காரி. எந்நேரமும் தர்ப்பூசணி விதை கொறிப்பாள். பெற்ற தாய் மணி சொன்னாலும் ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிற ஜாதி.

"கொட்டாப்புளி யாருது?"

"என்னுது மேடம்."

"இங்க எப்படி வந்துது?"

"நேத்து சாயங்காலம் ஒரு நாற்காலிக் கை ஆடுதுன்னு கூப்பிட்டாரு. தட்டிக் குடுத்துட்டு மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன்."

"இன்னிக்கு எதுக்கு எடுத்தே?"

"என் சாமானாச்சே..."

"உன் சாமான்தான் அந்த ஆள் மண்டையை உடைச்சிருக்கு."

"உடைச்சது நான் இல்ல."

"முதல் அரை மணி நேரம் எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க." விதைத் தோலை உள்ளங்கையில் துப்பினாள். "போன் வந்துதுங்கறே. பேசிட்டிருக்கறப்ப யாரோ வந்தாங்கங்கறே. சாட்சி?"

"நான்தான் சாட்சி."

"குற்றவாளியும் நீயே, சாட்சியும் நீயேவா? எனக்குப் பாதி வேலை மிச்சம்!"

கான்ஸ்டபிள் ஒருவன் சிரித்தான். அவன் ஷூ மேல் ஒரு நண்டு ஏறிக்கொண்டிருந்தது.

ஆகெனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொலைக்கு இந்த நாட்டில் தண்டனை ஒரே ஒரு தோட்டா. நிரூபிக்க வேண்டியது போலீஸ் இல்லை... அவன்தான்!

"இந்த நாற்காலிகளை எதுக்குக் கவுத்திருக்கு?" குவாங் கேட்டாள்.

"நல்ல சாமானா, போலியான்னு அடியிலதான் தெரியும் மேடம். மேல பாத்தா எல்லாமே அழகாத்தான் இருக்கும்."

"மனுஷங்க மாதிரி."

அப்போது வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது.

இறங்கியவனுக்கு நாற்பது வயது. நல்ல சூட், தங்க பிரேம் கண்ணாடி. உள்ளே வந்தவன் பிணத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"கடவுளே! மிஸ்டர் ருவான்...!"

"நீங்க?"

"மோக். ஹாங்காங். ஒன்பது மணிக்கு அப்பாயிண்ட்மென்ட். நேத்து ராத்திரிதான் ஊருக்கு வந்தேன். இந்தப் பக்கம் வர்றது இதுதான் முதல் தடவை."

"காலையில எங்க இருந்தீங்க?"

"ஹோட்டல்ல. எட்டு மணிக்குத்தான் எழுந்தேன்."

"எதுக்காக வந்தீங்க?"

"இந்த நாலு நாற்காலிக்காக. ஹைனான் தீவு மஞ்சள் ஈட்டி மரம். மிங் ராஜாங்க காலத்து வேலை."

ஆகென் அவனை மேலும் கீழும் பார்த்தான். சந்தேகம் ஆகெனுக்குக் கூடப் பிறந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? உங்க பக்கத்து ஆளுங்களுக்கு கான்டன் வேலைதானே பிடிக்கும்? கறுப்பு மரம், கனத்த காலு, முத்துச் சிப்பி, நடுவுல பளிங்கு. நீங்க என்னடான்னா இந்த மொட்டை நாற்காலியைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க!"

மோக் புன்னகைத்தான்.

"கான்டன் நாற்காலியில உக்காந்து பாத்திருக்கீங்களா? முதுகு பூரா டிராகன் குத்தும். அதெல்லாம் சிங் ராஜாக்கள் வந்தப்புறம் ஆரம்பிச்ச பகட்டு. பீக்கிங் அரண்மனை கேட்டுது, கான்டன்காரன் செதுக்கித் தள்ளினான். அதுக்கு முந்தி மிங் காலத்து சூஜோ ஆசாரி எல்லாத்தையும் குறைச்சுக்கிட்டே போனான். ஒரு வளைவு, நாலு காலு, ஒரு முதுகுப் பலகை. ஆணி கிடையாது. நாக்கும் துளையும் கோத்து நிக்கும். குறைக்கறதுக்குத்தான் தைரியம் வேணும்."

"நல்லா பேசறீங்க" என்றாள் குவாங். "நல்லா பேசறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது. இப்ப நாற்காலியைப் பாத்துச் சொல்லுங்க. நல்லதா, போலியா?"

மோக் குனிந்தான். கவிழ்ந்து கிடந்த நாற்காலியின் காலடியைத் தொட்டான். தொட்ட விரல் லேசாக நடுங்கியது.

"பாதி நல்லது, பாதி போலி."

"அது எப்படி?"

"இந்த ரெண்டு காலோட அடி அரிச்சிருக்கு பாருங்க. முன்னூறு நானூறு வருஷம் ஈரத் தரையில நின்ன கால். இந்த ரெண்டும் ரம்பம் போட்ட கால். டீத்தண்ணியைத் தேய்ச்சுக் கறையாக்கியிருக்கு. மத்ததுலயும் இதே கதைதான் இருக்கும். இருந்தது ஒரு ஜோடி. பிரிச்சுப் பங்கு போட்டு, புது மரத்தைச் சேர்த்து நாலாக்கியிருக்கான்!"

"அடப்பாவி!" என்றாள் பாய்லிங்.

குவாங் விதை கொறிப்பதை நிறுத்தினாள். மெதுவாக ஆகென் பக்கம் திரும்பினாள்.

"இந்த வேலையை யாரால செய்ய முடியும்?"

"சூஜோவுல பத்துப் பேர் இருக்காங்க மேடம்..."

"இந்த ஊர்ல?"



"இந்த ஊர்லன்னா... நான் ஒருத்தன்தான்."

"அப்ப கணக்கு நேராயிடுச்சு. ருவானும் நீயும் கூட்டு. ஹாங்காங் ஆளை ஏமாத்தப் பாத்தீங்க. பங்குல தகராறு. கொட்டாப்புளியால ஒரே போடு! கையை நீட்டு."

விலங்கு மாட்டப்பட்டது.

மோக் முகம் வெளிறிப் போய் முற்றத்துக்கு நடந்தான். அங்கே நின்று சிகரெட் பற்ற வைத்தான். பாய்லிங் அழுதுகொண்டே நண்டு பொறுக்கினாள். இரண்டு நண்டுகள் அடுக்களைக்குள் ஓட, அவளும் பின்னாலேயே ஓடினாள்.

ஆகென் தலையைக் குனிந்தான்.

அப்போதுதான் தரையைப் பார்த்தான்.

செங்கல்லில் நாலு புதுக் கீறல்கள். கால் பங்கு வட்டமாக. கூடத்தின் நடுவிலிருந்த சதுர மேசையின் நாலு காலுக்கும் கீழே.

நிமிர்ந்து மேசையைப் பார்த்தான்.

"மேடம்..." குரலை அடக்கினான். "இந்த மேசையை யாரோ திருப்பியிருக்காங்க."

"சதுர மேசை. திருப்பினா என்ன, திருப்பாட்டி என்ன?"

"பலகை சேர்ற கோடு தெரியுதில்ல? நேத்து நான் டீ குடிக்கறப்ப அது தலைமாட்டுக்கு, அதாவது வாசலைப் பாத்துப் பெரியவர் உக்கார்ற இடத்துக்கு, குறுக்கா இருந்துது. இப்ப நேரா தலைமாட்டைப் பாத்துப் போகுது."

"அதனால?"

"எங்க ஊர்ல சாமிக்குப் படைச்சாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி, கோடு குறுக்கத்தான் இருக்கணும். வீட்ல செத்தவங்களுக்குப் படைக்கற நாள்ல மட்டும்தான் மேசையைத் திருப்பி நெடுக்க வைப்போம். அந்தக் கோட்டு முனையில உயிரோட இருக்கறவன் உக்கார மாட்டான்."

குவாங் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"இன்னொண்ணு மேடம். நாலையும் கவுத்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன்னு போன்ல சொன்னாரு. மூணுதான் கவுந்திருக்கு. நாலாவது தலைமாட்டுல நிமிர்ந்து நிக்குது பாருங்க! கொன்னவன் நாற்காலியை நிமிர்த்தி வெச்சு, மேசையைத் திருப்பிட்டுத்தான் போயிருக்கான். பிணம் கிடக்கற வீட்ல கோடு குறுக்க இருந்தா அவனுக்கு மனசு கேக்கல. கை தானா செஞ்சிடுச்சு!"

"ஆக, இந்த ஊர் வழக்கம் தெரிஞ்சவன்."

"ஆமா மேடம்!"

"பாய்லிங் ஹார்பின்காரி. அந்த ஆள் ஹாங்காங். நான் வூஹான்." அவள் விரலை மடக்கினாள். "ஷாவ்ஷிங்ல பிறந்து வளர்ந்தவன் இங்க யாரு?"

ஆகென் கையிலிருந்த விலங்கைப் பார்த்தான்.

"...நான்."

"நல்லது. எனக்குத் தெரியாத சாட்சியத்தையும் நீயே எடுத்துக் குடுத்துட்டே!"

கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். ஆகென் முற்றத்தைப் பார்த்தான். மோக் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முதல் தடவை வந்தேன் என்று கேட்காமலே சொன்னவன். போலிக் காலைத் தொட்டபோது விரல் நடுங்கியவன். ஏமாந்த வியாபாரிக்குக் கோபம் வரும்... நடுக்கம் எதற்கு?

"மேடம், ஒரே ஒரு டீ குடிக்கற நேரம் குடுங்க."

"சுடறதுக்கு முந்தின நாள் நல்ல சாப்பாடே போடுவாங்க. டீக்கு என்ன அவசரம்?"

"எல்லாருமா குடிப்போம். இந்த மேசையில. அந்த ஆள் எங்க உக்கார்றார்னு மட்டும் பாருங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

குவாங் அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு ஆகென் மேல் நம்பிக்கை இல்லை. மோக் மேலும் இல்லை. அது ஆகெனுக்கு வசதியாகப் போயிற்று.

"ம். டீ போடச் சொல்லு!"

பிணத்தின் மேல் துணி போட்டு ஓரமாக நகர்த்தினார்கள். மேசையைச் சுற்றி மூன்று முக்காலிகள். தலைமாட்டில் அந்த நாற்காலி அப்படியே நின்றது. "அதை யாரும் தொடக் கூடாது" என்றாள் குவாங்.

பாய்லிங் கெட்டிலை வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே வாசல் பக்கத்து முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கோடு நேராக அவள் வயிற்றுக்கு வந்து முட்டியது. அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"அண்ணி, எழுந்திரிங்க. அது விருந்தாளி இடம். சார், நீங்க வாங்க."

மோக் வந்தான். முக்காலியைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான்.

"பரவாயில்ல... நின்னுக்கறேன்."

"உக்காருங்க மிஸ்டர் மோக்" என்றாள் குவாங். "நிக்கறவங்களோட பேசினா எனக்குக் கழுத்து வலிக்கும்."

மோக் உட்கார்ந்தான். உட்காரும்போதே முக்காலியை இடது பக்கம் ஒரு சாண் இழுத்தான்.

ஆகென் விலங்கு மாட்டிய கையால் டீக் கோப்பையை எடுத்து, கோட்டின் முனையில் வைத்தான்.

"நடுவுல வாங்க சார்."

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

"மனுஷனுக்கு மரியாதை வேணாமா? நடுவுல உக்காருங்க!"

மோக் நெற்றியில் வேர்வை. கோப்பையை எடுக்கக் கையை நீட்டினான். எடுக்கவில்லை. படையல் சோற்றைப் பார்ப்பது போல அதைப் பார்த்தான். சட்டென்று எழுந்துவிட்டான்!

"எனக்கு டீ வேணாம்!"

"ஏன் மிஸ்டர் மோக்?" குவாங் மெல்லக் கேட்டாள். "அந்த இடம் செத்தவங்களுக்குன்னு ஹாங்காங்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

நண்டு ஒன்று எங்கோ சுவரைப் பிராண்டியது.

குவாங் போனை எடுத்தாள். மோக்கிடம் ஹோட்டலையும் ரூமையும் கேட்டுக்கொண்டு நம்பரைச் சுழற்றினாள்.

"இருபத்தி மூணாம் ரூம் ஆள் காலையில எத்தனை மணிக்கு வெளிய போனாரு? ...சரி. ...நல்லா ஞாபகம் இருக்கா? ...சரி."

ரிசீவரை வைத்தாள்.

"ஏழு மணிக்கு ரூம் சாவியைக் குடுத்துட்டுப் போயிருக்கீங்க. எட்டு மணிக்கு எழுந்தீங்களாம். நடந்துக்கிட்டே தூங்கினீங்களா?"

மோக் கண்ணாடியைக் கழற்றினான். அடுத்து அவன் பேசிய பேச்சு ஹாங்காங் பேச்சு இல்லை. அசல் ஷாவ்ஷிங் கொச்சை!

"என் பேர் மோக் இல்ல. தாவ். மேற்குப் பாலத்துத் தாவ் வீடு."

ஆகெனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டை ஊரில் யாருக்குத் தெரியாது?

"அறுபத்தாறுல, கலாசாரப் புரட்சி சமயத்துல, கையில சிவப்புப் பட்டை கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குள்ள புகுந்த கும்பல்ல முதல் ஆள் இந்த ருவான். அப்பா உக்காந்திருந்த நாற்காலியை அவரோட சேர்த்துக் கவுத்தான். ரெண்டு நாற்காலியையும் படகுல ஏத்திக்கிட்டுப் போனான். அடுத்த மாசம் அப்பா போயிட்டாரு. எனக்கு அப்ப வயசு பத்து. சித்தப்பா என்னைக் கூட்டிக்கிட்டு ஹாங்காங் ஓடினாரு."

"அதுக்காகக் கொன்னீங்க."

"இல்ல!" கத்தினான். "சத்தியமா வாங்கத்தான் வந்தேன்! எவ்வளவு கேட்டாலும் குடுத்து, அப்பா நாற்காலியை வீட்டுக்குக் கொண்டு போகத்தான் வந்தேன். ஆசை தாங்கல, சீக்கிரமே வந்துட்டேன். வந்து பாத்தா... நாலையும் கவுத்துப் போட்டிருக்கான். அடியெல்லாம் ரம்பம். அப்பாவைக் கூறு போட்ட மாதிரி இருந்துது!"

"ருவான் என்ன சொன்னாரு?"

"'எனக்கு ஒண்ணும் தெரியாது, யாரோ என்னை ஏமாத்திட்டாங்க'ன்னான். திருடன் வேற எதைச் சொல்லுவான்? யாரு அறுத்ததுன்னு கேட்டேன். திரும்பவும் தெரியாதுன்னான். மேசை மேல கொட்டாப்புளி இருந்துது..."

"அப்புறம் அவருக்காக மேசையைத் திருப்பினீங்க. பாவம் பாத்து."

"அந்த நாய்க்கா?" மோக் துப்பினான். தலைமாட்டு நாற்காலியின் வலது கையைக் காட்டினான். அதன் நுனியில் ஒரு கறுப்புத் தீப்புள்ளி. "அப்பா சுங்கானை அங்கதான் வைப்பாரு. நாலுல அது ஒண்ணுலதான் அவர் மிச்சம் இருக்காரு. முப்பது வருஷம் கழிச்சுப் பாக்கறேன். எங்கப்பாவுக்குத்தான் திருப்பினேன்!"

ஆகெனின் விலங்கைக் கழற்றி மோக் கையில் மாட்டினார்கள். தலைமாட்டு நாற்காலியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் வாசலுக்குப் போனான்.

ஆகென் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். உயிர் தப்பியது! கொட்டாப்புளியைக் கூடக் கேட்கத் தோன்றாமல் வாசலை நோக்கி நழுவினான்.

"அவசரமா?"

குவாங் புதுசாக ஒரு கை விதை எடுத்திருந்தாள்.

"வேலை கிடக்கு மேடம்."

"ஒரு சந்தேகம். உங்கூட கூட்டு இருந்தவன், காலங்காத்தால டார்ச் அடிச்சு எதுக்குத் தேடணும்? எதைத் தேடணும்?"

"பெரிய மனுஷன் விஷயம்... எனக்கு எப்படித் தெரியும்?"

"பாய்லிங்! இந்த நாலு நாற்காலியும் எப்படி வந்துது?"

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு, நான் கல்யாணமாகி வர்றதுக்கு முந்தியே இருந்துது. போன வருஷம் அதைப் பழுது பாக்கக் குடுத்தாரு. ஒரு மாசம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு ஜோடி கிடைச்சுது. ஏதோ கிராமத்து விதவை வித்துட்டாள்னு நல்ல விலை குடுத்து வாங்கினாரு."

"பழுது பாக்க யார்கிட்ட?"

"ஆகென் அண்ணன்கிட்டத்தான்."

"விதவையைக் கண்டுபிடிச்சுச் சொன்னது?"

"அதுவும் அண்ணன்தான்!"

படக்கென்று விதைத் தோல் உடைந்தது.

"அப்ப ருவான் கடைசியாச் சொன்னது நெஜம்" என்றாள் குவாங். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவர் பொருளை அவர்கிட்டயே ரெண்டாவது தரம் வித்திருக்கே. நீ அறுத்தே... அடி அவருக்கு விழுந்துது!"

ஆகென் வாசலைப் பார்த்தான்.

வாசலில் நின்ற மோக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். திரும்பினான். ஆகெனையே பார்த்தான். விலங்கு பூட்டிய இரண்டு கையும் மெதுவாக இறுகின. இரண்டு கான்ஸ்டபிள்கள் சேர்ந்து அவனைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு விலங்கு வந்தது. இந்தத் தடவை ஆகென் தானாகவே கையை நீட்டினான்.

"மேடம்... மோசடிக்கு எத்தனை வருஷம் வேணாலும் போடுங்க. அவன் இருக்கற ஜெயில்ல மட்டும் என்னைப் போட்டுடாதீங்க. என்னை ஒரு நாற்காலியில நிம்மதியா உக்கார விட மாட்டான்!"

குவாங் கடைசி விதைத் தோலைத் துப்பினாள்.

"கவலையே படாதே. ஜெயில்ல நாற்காலியே கிடையாது. எல்லாருக்கும் தரைதான்!"